மூன்றாம் வரிசையில் யானை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து போட்டுக்கொள்ளத்தான் அடம் பிடிக்கிறார். ஆடி முடிந்ததும் அக்கா வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. மற்றதெல்லாம் பிறகு. இந்தக் கடிதம் உன் செஸ் ஆட்டத்தைப் பற்றியது.

போனில் சொல்லலாம் என்றால், எடுத்ததும் நன்றாக இருக்கிறேன் என்கிறாய், அப்பாவின் கண்ணைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கிறாய், வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

லிச்செஸ் தளத்தில் உன் ஆட்டங்களை நான் பார்த்துவருகிறேன். ஒளிந்து பார்ப்பதாக நினைக்க வேண்டாம். அங்கே யார் ஆடியதையும் யாரும் பார்க்கலாம், அதற்குக் கணக்குகூடத் தேவையில்லை. நீயோ பள்ளி நாளில் வைத்த பெயரையே இன்னும் வைத்திருக்கிறாய். நம் நாயின் பெயர், பக்கத்தில் நீ பிறந்த ஆண்டு. கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

நான் ஆட உட்கார்ந்தால் பதினைந்து நகர்வுக்குள் ராணியைப் பறிகொடுத்துவிடுவேன். ஆனால் ஆடிய ஆட்டத்தைப் படிக்கத் தெரியும். போட்டி மண்டபங்களுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உன் ஸ்கோர் ஷீட்டுகளைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். காலமெல்லாம் கணக்கு சொல்லிக்கொடுத்தவளுக்கு, விடைத்தாளில் பிள்ளை எந்த வரியில் தடுமாறினான் என்று தேடுவது பழக்கம்தானே.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தோற்கிற நிலையில் உன்னைப்போல் ஆடுகிறவர்கள் குறைவு. ஒரு காய் குறைந்தாலும் பதறமாட்டாய். ராணிகளை வெட்டிக்கொள்ள இடம் கொடுக்கமாட்டாய். எதிராளி ஒவ்வொரு நகர்வுக்கும் உட்கார்ந்து யோசிக்கும்படி சின்னச் சின்னத் தொல்லையாகக் கொடுத்துக்கொண்டே இருப்பாய். நாமக்கல்லில் அந்தச் சேலத்துப் பையனோடு நான்கு மணி நேரம் போராடி வாங்கிய டிராவை அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார், செஸ் தெரியாதவர்களிடமும் சொல்கிறார். குதிரைக்கு இடம் பார்ப்பதில் உனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. கறுப்பில் கரோ கான் என்ற தொடக்கத்தை ஆடினால் அவசரமே இருக்காது. பிஷப் எஃப்5 கட்டத்துக்கு வந்த பிறகுதான் ஈ6 சிப்பாயைத் தொடுவாய். நடுவைக் கெட்டியாக்கிக்கொண்டு, எதிராளி அலுத்துப்போகும் நேரம் பார்த்து சி5 என்று உடைப்பாய்.

அந்தக் கரோ கானை இப்போது காணவில்லை. எதிராளி டி4 ஆடினால் ஈ5 என்று சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கிறாய். எங்லுண்ட் கேம்பிட் என்று அதற்குப் பெயராம். ஆறாம் நகர்வில் எதிராளி பிஷப்பை சி3இல் வைத்தால் எட்டாம் நகர்வில் அவனுக்கு மேட். அதே கட்டத்தில் குதிரையை வைத்தால் உன் நிலைமை சந்தி சிரிக்கும். அடுத்தவன் தப்பு செய்வான் என்று நம்பி ஆடுகிற ஆட்டம் இது. நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லையே, தம்பி. இது யாரிடம் கற்றது?

மெதுவான ஆட்டம் ஆடு. முன்பு ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேர ஆட்டம் ஒன்று ஆடுவாய், பிறகு தோற்றாலும் வென்றாலும் அதை முதலிலிருந்து அலசுவாய். இப்போது எல்லாம் ஒரு நிமிட புல்லட். அதிலும் அரீனா போட்டி என்றால் பெர்சர்க் பொத்தானை அழுத்திவிடுகிறாய். வென்றால் ஒரு புள்ளி கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக உனக்கு இருக்கிற நேரத்தில் பாதியை நீயே வெட்டிப்போடுகிறாய். முப்பது நொடியில் எதை யோசிப்பாய்? யோசிக்காமல் இருப்பதற்காகத்தான் ஆடுகிறாயோ என்றுகூட எனக்குத் தோன்றியது. தோற்றதும் உடனே மறு ஆட்டம். அதிலும் தோற்றதும் இன்னொன்று. கோடையில் 2140 இருந்த ரேட்டிங் இப்போது 1890. ரேட்டிங் போனால் போகட்டும், அது வரும். தோற்றதும் எழுந்து தண்ணீர் குடி, முகம் கழுவு, படு. மறு ஆட்டம் கேட்காதே.

ஆனந்த் வேகமாக ஆடவில்லையா என்று கேட்பாய், எட்டாம் வகுப்பிலிருந்தே இதைத்தான் கேட்கிறாய். ஆடினார். சின்ன வயதில் அவரை மின்னல் சிறுவன் என்றே சொன்னார்கள். பலகையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால் வேகமாக ஆடினார். உன்னுடைய வேகம் அப்படி இல்லை என்பது உனக்கே தெரியும்.

இன்னொன்று, ஆடுகிற நேரம். இங்கே நான் சாப்பிட்டுவிட்டுப் பகல் ஒரு மணிக்கு உட்கார்ந்தால் அங்கே விடிகாலை மூன்றரை. நீ ஆடிக்கொண்டிருக்கிறாய். பிரக்ஞானந்தா 2022 பிப்ரவரியில் ஆன்லைனில் கார்ல்சனைத் தோற்கடித்தாரே, அப்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. பதினாறு வயதுப் பிள்ளை. உலக சாம்பியனை வென்ற கையோடு தூங்கப் போவதாகத்தான் சொன்னார். வென்றவரே தூங்கப் போகிறார்.

சரி, இரவில் தூக்கம் வரவில்லை, ஆடுகிறாய் என்றே வைத்துக்கொள்வோம். போன செவ்வாய்க்கிழமை இங்கே இரவு ஏழரைக்குத் தோசை வார்த்துக்கொண்டே பார்த்தேன், ஆடிக்கொண்டிருந்தாய். டொராண்டோவில் அப்போது காலை பத்து மணி. புதன், வியாழனும் அப்படித்தான். வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருப்பார்களோ என்னவோ. உங்கள் அலுவலக நடைமுறையெல்லாம் எனக்குப் புரியாது. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

மில் மூடிய பிறகும் பெரியப்பா தினமும் எட்டே காலுக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பிப் போவார். பெரியம்மாவுக்கு முதல் வாரத்திலேயே தெரியும். ஒன்றும் கேட்காமல் தினமும் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்று இந்தக் குடும்பத்தில் எல்லாரும் பின்னால் சொன்னோம்.

ஆட்டத்துக்கு வருகிறேன். உன் பெரிய குறை, ஜெயிக்கிற நிலையில் வருகிறது. பாயசம் வருவதற்கு முன்பே இலையை மூடுகிறவன் நீ. ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு, எதிராளியின் சிப்பாய்களைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாய். உன் ராஜாவோ ஜி8இல் நிற்கிறார், முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நிற்கின்றன. எதிராளியின் யானை எட்டாம் வரிசைக்கு வருகிறது, மேட். ஒரே வாரத்தில் எத்தனை முறை இப்படி! எச்6 என்று ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவைத்திருந்தால் ராஜா வெளியே வந்திருப்பார். அந்த ஒரு நகர்வுக்கு நேரமில்லை என்று நினைக்கிறாய். நேரம் இருக்கிறது. ராஜாவுக்கு முதலில் வழி வை, பிறகு வேட்டைக்குப் போ.

யானை இறுதியாட்டம் அதைவிட மோசம். புதன்கிழமை ஆட்டத்தையே எடுத்துக்கொள். அவனுக்கு ஒரு யானை, ஒரு சிப்பாய். உனக்கு ஒரு யானை. உன் ராஜா அந்தச் சிப்பாயின் வழியை மறித்தே நிற்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிலிடோர் என்ற பிரெஞ்சு ஆட்டக்காரர் எழுதி வைத்த நிலை, அப்பட்டமான டிரா. உன் பக்கமிருந்து எண்ணினால் மூன்றாம் வரிசையில் யானையை நிறுத்த வேண்டும். அவன் ராஜா அந்த வரிசைக்குள் கால் வைக்க முடியாது. வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்கு அவன் தள்ளியதும், யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ளச் சிப்பாயின் நிழல்கூட அவன் ராஜாவுக்கு இருக்காது. உனக்கு இது பதினோரு வயதில் தெரியும். உன் நீல நோட்டில் சிவப்பு மையில் கட்டம் போட்டு எழுதிவைத்திருக்கிறாய், இந்தக் கடிதம் எழுதும் முன் எடுத்துப் பார்த்தேன். புதன்கிழமை நீ என்ன செய்தாய்? யானையை முதல் வரிசைக்கு இழுத்துக்கொண்டுபோய் ராஜாவின் பக்கத்தில் முடக்கிவிட்டாய். அவன் நிதானமாக வந்து முடித்தான். தெரியாமல் தோற்றிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன்.

2024 டிசம்பர் 12 நினைவிருக்கும். சிங்கப்பூரில் குகேஷ் வென்ற அன்று தெருவில் பட்டாசு வெடித்தார்கள், அப்பா போய் மைசூர்பாகு வாங்கி வந்தார். எனக்கும் மகிழ்ச்சிதான், பதினெட்டு வயதில் உலக சாம்பியன் என்றால் சும்மாவா? ஆனால் நான் அவரிடம் தோற்ற அப்போதைய சாம்பியன் டிங் லிரெனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்காவது ஆட்டம், டிராவில் முடிய வேண்டியது. 55ஆம் நகர்வில் யானையை எஃப்2இல் வைத்தார். குகேஷ் யானையை வெட்டினார், அடுத்து பிஷப்புகளும் பலகையை விட்டுப் போக, சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்குப் பிழைக்க வழியில்லை. உலக சாம்பியனுக்கே இறுதியாட்டத்தில் கை தவறுகிறது.

நான் சொல்ல வந்தது அது இல்லை. 2023இல் பட்டம் வென்ற பிறகு அந்த மனிதர் பல மாதம் போட்டிகளுக்கே வரவில்லை. மன அழுத்தம், தூக்கமில்லை என்று பேட்டிகளில் அவரே சொன்னார். மறைக்கவில்லை. இவர் குகேஷிடம் சுருண்டுவிடுவார் என்று எல்லாரும் எழுதினார்கள். முதல் ஆட்டத்தைக் கறுப்புக் காயில் வென்றார், பன்னிரண்டாவதையும் வென்றார், கடைசி ஆட்டம் வரை கொண்டுவந்தார். தோற்ற பிறகும் அவரை யாரும் குறைவாகப் பேசவில்லை. உன் அப்பா மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு, பாவம், நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார். அப்பாவைப் பற்றி நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அது பாதிதான் சரி. இன்ஜினியரிங் முடிவு வந்த அன்று பேசியதை வைத்தே அவரை அளந்துகொண்டிருக்காதே.

உன்னை நான் குறை சொல்லவில்லை. குறைதான் சொல்கிறேன், ஆனால் ஆட்டத்தில். தனியாக ஒரு நாட்டுக்குப் போய், வீடு பிடித்து, குளிரில் பஸ் ஏறி, அக்கா கல்யாணத்துக்குக் கேட்காமலே பணம் அனுப்பிய பிள்ளை. அதை நான் மறந்துவிடுவேனா? மாதாமாதம் அனுப்புகிறாயே, அதை இனி நிறுத்திவிடு. எங்களுக்கு என் பென்ஷன் போதும், மீதியும் ஆகிறது.

வேளைக்குச் சாப்பிடு. மெதுவான ஆட்டம் ஆடு. தோற்றதும் மறு ஆட்டம் கேட்காதே. இருட்டில் போனை வைத்துக்கொண்டு ஆடாதே, கண் கெட்டுவிடும், அப்பாவைப் பார்.

லிச்செஸில் நானும் ஒரு கணக்கு தொடங்கி உனக்குச் சவால் அனுப்பியிருக்கிறேன். தெரியாத பெயராக இருக்கிறதே என்று நிராகரித்துவிடாதே, அது நான்தான். நகர்வுக்கு மூன்று நாள் அவகாசம் உள்ள ஆட்டம், வெள்ளை எனக்கு. டி4தான் ஆடப்போகிறேன், இப்போதே சொல்லிவிட்டேன். எங்லுண்ட் ஆடினால் குதிரையைத்தான் சி3இல் வைப்பேன், பார்த்துக்கொள். ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள ஒரு பெட்டி இருக்கிறது. நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். எழுத வேண்டும் என்று தோன்றினால் அதில் எழுது. அப்பாவுக்கு அந்தத் தளத்தைத் திறக்கத் தெரியாது.

அன்புடன்,
அம்மா

பி.கு.: தபால் நிலையத்தில் போட்டிருந்த பணம் வரும் மாதம் முதிர்கிறது. மறுபடியும் போடலாமா, கையில் வைத்துக்கொள்ளலாமா என்று அப்பா கேட்கிறார். கையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அங்கே வாடகை மாதத்தின் எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்று மட்டும் எழுது.