நினைவு மலர் அச்சேறும் முன்: தீயணைப்பு நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தீயணைப்பு நிலைய அலுவலர்களுக்கும், மறைந்த வீரர்களுக்கு நினைவுக் கூட்டமும் மலரும் ஏற்பாடு செய்யும் குழுவினருக்கும்,

வணக்கம்.

நிலையத்துக்கு ஒரு வாத்தியார் இருப்பார். பதவியில் அவருக்கு மேலே பலர் இருக்கலாம். ஆனால் மணி அடித்ததும் எல்லார் கண்ணும் முதலில் தேடுவது அவரைத்தான். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் வாரமே பட்டப்பெயர் வைத்துவிடுவார். வண்டிக்கும் பெயர் வைத்திருப்பார், அது ஸ்டார்ட் ஆகாத நாளில் அதோடு சண்டையும் போடுவார். அப்படிப்பட்டவர் மறைந்தால் மாலை போட்ட ஒரு படம், 'அஞ்சா நெஞ்சர்' என்று ஒரு வரி, மேடையில் நாலு பேர் சொல்லும் சாகசக் கதை. அத்தோடு கூட்டம் கலைந்துவிடுகிறது.

பம்பும் ஹோஸும் பயிற்சித் திடலும் பழகியவர்களாக உங்களிடம் கேட்பது இதுதான்: அவர் செய்த வேலையை, செய்த விதத்திலேயே எழுதி வையுங்கள். சாகசக் கதைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் அந்த மனிதரே இல்லை. ஆனால் மேடையில் சொல்லும் கதையில் வேலையின் சூட்சுமம் உதிர்ந்து துணிச்சல் மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கேட்கும் இருபத்திரண்டு வயதுப் பையன் அடுத்த தீயில் அந்தத் துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போவான்.

எல்லா நிலையங்களிலும் உலவும் மூன்று கதைகளைப் பார்ப்போம்.

முதலாவது, 'முகமூடி இல்லாமலே உள்ளே போய்த் தூக்கி வந்தார்.' உண்மையாகவே நடந்திருக்கும். பி.ஏ. செட் (முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் முகமூடியுமாக அணியும் மூச்சுக் கருவி) ஆளுக்கொன்று கிடைக்காத காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அப்போதும் அவர் நிமிர்ந்து நடந்து போயிருக்க மாட்டார். சூடும் புகையும் மேலே தங்கும், தரையை ஒட்டிக் கொஞ்சம் தெளிவு இருக்கும் என்று தெரிந்து தவழ்ந்து போயிருப்பார். ஒரு கையைச் சுவரிலிருந்து எடுத்திருக்க மாட்டார். வலக்கைச் சுவரைப் பிடித்து நுழைந்தால், திரும்பும்போது அதே சுவரை இடக்கையால் தடவிக்கொண்டு வந்தால்தான் வாசல் கிடைக்கும். இதையெல்லாம் எழுதுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: அன்றைய தீயில் எரிந்தது பெரும்பாலும் மரமும் பருத்தியும். இன்று எரிவது பாலியூரித்தேன் நுரை மெத்தை, சோபா, பிளாஸ்டிக். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். நுரையும் நைலானும் எரிந்தால் அதோடு ஹைட்ரஜன் சயனைடும் சேரும். தரையை ஒட்டிய காற்றிலும் அவை இருக்கும், நிறமில்லாததால் கண்ணுக்குத் தெரியாது. அவர் தப்பித்த அதே முறை இன்றைய அறையில் ஒருவரைக் காப்பாற்றாது.

பி.ஏ. செட் கணக்கையும் அவர் எப்படிப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் சுமார் 2,000 லிட்டர் காற்று. 50 பாரை ஒட்டி செட்டின் எச்சரிக்கை விசில் ஊதும், அதற்குக் கீழே இருப்பது வெளியே வருவதற்கான கையிருப்பு. மீதி 1,700 லிட்டர் நிமிடத்துக்கு 40 லிட்டர் கணக்கில் 40 நிமிடத்தைத் தாண்டும். ஆனால் மாடிப்படியில் ஆளைச் சுமந்து இறங்குகிறவன் நிமிடத்துக்கு 70, 80 லிட்டர் இழுப்பான், அப்போது இருபது நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டினாலே பெரிது. பழகிய வாத்தியார் விசிலுக்காகக் காத்திருக்க மாட்டார். உள்ளே போக எத்தனை பார் செலவானதோ அதே அளவும், அதற்கு மேல் கொஞ்சமும் திரும்புவதற்கு வேண்டும் என்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். 'இன்னும் ஒரு அறைதானே' என்பவனைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்து வருவதும் அவர்தான். மேடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது, 'ஒற்றை ஆளாக ஹோஸைப் பிடித்து நின்றார்.' இதில் கணக்கு பேசட்டும். 20 மி.மீ. நாசில், அதில் 7 பார் அழுத்தம் என்றால் பிராஞ்ச் (ஹோஸின் முனையில் தண்ணீரைப் பீய்ச்சும் குழல்) பிடிப்பவரைப் பின்னால் தள்ளும் விசை ஏறத்தாழ 440 நியூட்டன், அதாவது 45 கிலோ எடை. அதோடு 63 மி.மீ. ஹோஸ் 15 மீட்டருக்குத் தண்ணீரே சுமார் 47 கிலோ. உடலை முன்சாய்த்து, ஹோஸை இடுப்போடு அணைத்து, பின்னால் ஒரு மீட்டராவது நேராகக் கிடக்கவிட்டு நின்றால் ஒருவர் சில நேரம் தாங்கலாம். ஈரத் தரையில் கால் வழுக்கினால் பிராஞ்ச் கையை விட்டு எகிறும். அந்தப் பித்தளை முனை பட்டால் எலும்பு முறியும். ஆகவே அவர் தனியாகப் பிடித்த கதையை எழுதும்போது, இரண்டாவது ஆள் அன்று எங்கே போனார் என்பதையும் எழுதுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் அப்படியே எழுதுங்கள். துறையின் குறையை ஒருவருடைய வீரமாக மாற்றி அச்சடிக்க வேண்டாம்.

மூன்றாவது, 'கதவை ஒரே உதையில் திறந்தார்.' இந்தக் கதைதான் எங்களை மிகவும் உறுத்துகிறது. பூட்டிய அறையில் காற்று தீர்ந்து, தீ அடங்கினாற்போல் இருக்கும்போது கதவைச் சட்டென்று திறந்தால் உள்ளே புகும் காற்றில் மொத்தப் புகையும் ஒரே வீச்சில் பற்றி வாசல் வழியாகவே வெளியே பாயும். பேக்டிராஃப்ட் என்பது இதுதான். வாசலில் நிற்பவருக்கு ஒதுங்க நேரம் கிடைக்காது. அதன் அறிகுறிகள் தெரிந்தவர் உதைத்திருந்தால், உதைப்பதற்கு முன் அவற்றைப் பார்த்திருப்பார்: தீநாக்கு தெரிகிறதா, சன்னல் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போல் கரி படிந்திருக்கிறதா, கதவிடுக்கில் புகை வெளியே வந்து மறுபடி உள்ளே இழுபடுகிறதா, ஊளையிடும் சத்தம் கேட்கிறதா. கையுறையைக் கழற்றிப் புறங்கையைக் கதவருகே கீழிருந்து மேலாகக் கொண்டு போனால் எந்த உயரத்தில் சூடு தொடங்குகிறது என்று தெரியும். கதவின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எங்கே உடனே ஆவியாகிறதோ அதுவரை சூடான புகை இறங்கியிருக்கிறது. அதன் பிறகுதான் திறப்பது. அதுவும் முழங்காலிட்டு, கதவையே மறைப்பாக வைத்து ஒதுங்கி, ஒரு கை அகலம் திறந்து, மேற்புறப் புகையில் இரண்டு மூன்று குறுகிய வீச்சாகத் தண்ணீரைத் தூவி, மறுபடி மூடி, பொறுத்துப் பார்த்து. தெருவில் நிற்பவருக்கு ஏதோ தயங்குவது போலத்தான் தெரியும். கூட்டம் கூச்சல் போடும், வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார். அந்தச் சத்தத்தில் அசையாமல் கதவைப் படித்துக்கொண்டு நின்ற அரை நிமிடத்தை நினைவு மலரில் இதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

இந்த விவரங்கள் யாரிடம் கிடைக்கும்? மேடையில் பேசுபவர்களிடம் பெரும்பாலும் கிடைக்காது. அவரோடு வண்டியில் போன டிரைவர், பம்ப் பார்த்தவர், அவரிடம் நிறையத் திட்டு வாங்கியவர் ஆகியோரிடம் கேளுங்கள். நாற்காலியில் உட்கார வைத்து 'அவரைப் பற்றி நாலு வார்த்தை' என்றால் எல்லாரும் ஒரே நாலு வார்த்தையைத்தான் சொல்வார்கள். வண்டியருகே அழைத்துப் போய் ஒவ்வொரு லாக்கராகத் திறக்கச் சொல்லுங்கள். 'இதை ஏன் இந்தப் பக்கம் வைத்தார்?' என்று ஒரு கேள்வி போதும். கப்ளிங் வாஷர் (ஹோஸ் இணைப்புக்குள் பொருத்தும் வளையம்) நாலைந்து ஏன் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருந்தன என்று அப்போதுதான் வெளியே வரும். கிணற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் சக்ஷன் ஹோஸின் இணைப்பில் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் அங்கே காற்று உறிஞ்சும், பம்ப் எவ்வளவு சுற்றினாலும் தண்ணீர் ஏறாது. அந்த ஹோஸின் நுனியிலுள்ள சல்லடையான ஸ்ட்ரெய்னர் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்தாலும் சுழல் விழுந்து காற்றை இழுக்கும். காற்றழுத்தக் கணக்குப்படி 10 மீட்டர் வரை தண்ணீரை உறிஞ்சலாம் என்றாலும் நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. ஷிஃப்ட் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த வாஷரை விரலால் வளைத்துப் பார்த்த மனிதரின் வாழ்நாள் சேவை என்பது பெரும்பாலும் அந்த விரல்தான்.

தண்ணீர்க் கணக்கும் அப்படியே. மேலே சொன்ன 20 மி.மீ. நாசில் 7 பாரில் நிமிடத்துக்குச் சுமார் 700 லிட்டர் கொட்டும். வண்டியின் 4,500 லிட்டர் தொட்டி ஆறரை நிமிடத்தில் காலி. அதற்குள் அடுத்த நீர் எங்கிருந்து என்று முடிவாகியிருக்க வேண்டும். பெரும்பாலான வாத்தியார்களிடம் ஒரு பழைய நோட்டு இருக்கும்: எந்தக் கிணற்றில் கோடையில் எத்தனை அடி, எந்தத் தொட்டியருகே வண்டி திரும்பாது, எந்தச் சந்தில் மின்கம்பி தாழ்வு, எந்த ஹைட்ரண்ட் (தீயணைப்புக்கான தெருக்குழாய்) வால்வு துருப்பிடித்தது. வீட்டில் பழைய பேப்பரோடு அது போய்விடும் முன் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்கி, படமெடுத்து, திருப்பிக் கொடுங்கள். நிலையத்துக்கு அவர் விட்டுப்போன சொத்து அதுதான்.

அவருடைய குணத்தையும் சலவை செய்ய வேண்டாம். கத்துவார் என்றால் கத்துவார் என்றே எழுதுங்கள். பம்ப் இரைச்சலில், முகமூடிக்குள்ளிருந்து பேசும்போது, 'தண்ணி விடு', 'நிறுத்து', 'வெளிய வா' என்ற ஓரிரு சொல்லைத் தவிர எதுவும் காதில் ஏறாது. பிராஞ்சைச் சட்டென்று மூடுபவனை அவர் திட்டியதற்கும் காரணம் உண்டு. ஓடும் தண்ணீர் திடீரென நின்றால் அழுத்தம் பின்னோக்கி அடித்து ஹோஸ் வெடிக்கும், பம்பும் அடிவாங்கும். அதே ஆள், முதல் முறையாகக் குழந்தையின் உடலைத் தூக்கி வந்த பையனை அன்று இரவு தனியே விடாமல், ஹோஸ் காயப்போடும் சாக்கில் கூடவே வைத்துக்கொண்டு வேறெதையோ பேசியிருப்பார். அவருக்கும் தூக்கம் வராத இரவுகள் இருந்தன என்று வீட்டார் சொல்ல விரும்பினால் அதை வெட்டாதீர்கள். கேட்டுப் பிடுங்கவும் வேண்டாம். காப்பாற்றப்பட்டவர்கள், இறந்தவர்கள் ஆகியோரின் பெயரையும் முகவரியையும் மட்டும் அச்சில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது கண்ணாடிப் பேழை. அவருடைய கரிபடிந்த கோட்டையும் தலைக்கவசத்தையும் அப்படியே காட்சிக்கு வைப்பது வழக்கமாகிவிட்டது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 2022-இல் தீயணைப்புப் பணியையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மீசோதீலியோமா (நுரையீரல் போன்ற உறுப்புகளை மூடிய சவ்வில் வரும் புற்றுநோய்), சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இரண்டுக்கும் போதிய சான்று இருப்பதாகவும் சொன்னது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் அந்தக் கரியிலும் இருக்கும். ஆகவே கோட்டைக் கையுறை போட்டு எடுங்கள், உதறாதீர்கள், பையில் கட்டி, பாதுகாப்பு உடை துவைக்கும் இயந்திரத்தில் தனியாகத் துவைத்த பிறகு வையுங்கள். வீட்டு வாஷிங் மெஷினில் போடச் சொல்லிக் குடும்பத்தாரிடம் கொடுக்கவே கூடாது. பழைய காலக் கையுறை, தீப்போர்வை என்றால் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். அதைத் தொடாமல் அதற்கான ஆட்களை அழையுங்கள். சிலிண்டர் வைப்பதானால் காற்றை முழுதும் இறக்கி, வால்வைத் திறந்த நிலையில் வையுங்கள். தீயணைப்பானும் அப்படியே. பழைய கண்ணாடிக் குண்டு வகை இருந்தால் உள்ளே கார்பன் டெட்ராகுளோரைடு இருக்கக்கூடும், அது நச்சு. சுத்தமான தலைக்கவசம் வீரம் குறைந்ததாகத் தெரிகிறதே என்று சிலர் வருத்தப்படுவார்கள். தெரியட்டும். கரியைப் பதக்கமாக நினைத்துத் துவைக்காமல் திரிந்த தலைமுறை அதன் விலையைக் கொடுத்துவிட்டது.

ஆண்டு நினைவுக்கு நாள் தேடுகிறவர்களுக்கு மே 4, பன்னாட்டுத் தீயணைப்பு வீரர் நாள், பொருத்தம். 1998 டிசம்பர் 2 அன்று ஆஸ்திரேலியாவின் லின்டன் காட்டுத்தீயில் காற்று திடீரெனத் திசை மாறி, ஒரு வண்டியிலிருந்த ஐந்து தன்னார்வ வீரர்கள் இறந்தார்கள். அதன் பின்னரே இந்த நாள் உருவானது. சிவப்பும் நீலமும் சேர்ந்த நாடா நெருப்பையும் நீரையும் குறிக்கும். நாடா குத்திக்கொள்வதோடு அன்று ஒரு டிரில்லும் வையுங்கள், மறைந்தவர் எதில் கண்டிப்பாக இருந்தாரோ அதிலேயே. ஏணி என்றால் ஏணி: உயரத்தில் நாலில் ஒரு பங்கு தள்ளி அடியை ஊன்றி, கீழே ஒருவர் மிதித்துப் பிடிக்க, அவர் நேரம் பார்த்தபடியே நேரம் பார்த்து.

கடைசியாக ஒன்று. இதற்குத் தள்ளிப்போட நேரமில்லை. நிலையத்தின் அழைப்புப் பதிவேட்டிலிருந்து அவர் போன பெரிய தீ விபத்துகளைத் தேதி வாரியாக எடுங்கள். என்ன எரிந்தது, எத்தனை மணி நேரம் உள்ளே இருந்தார், முகமூடி இருந்ததா, இடிபாட்டில் கல்நார்க் கூரை இருந்ததா, தீ அணைந்த பின் புகையும் குவியலைக் கிளறும் வேலையில் இருந்தாரா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். மீசோதீலியோமா கல்நார் பட்டு இருபது முதல் ஐம்பது ஆண்டு கழித்தும் வரும். அவரோடு அதே தீயில் நின்றவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மருத்துவரிடம் போகும்போதும், அவருடைய குடும்பம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் கேட்கப்படுவது இந்தப் பட்டியல்தான். பழைய பதிவேடுகள் கழிக்கப்படும் முன் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்று நினைவு மலரின் பின்னிணைப்பில் இருக்கட்டும், மற்றதை நிலைய அலுவலர் கையொப்பமும் முத்திரையும் இட்டு அவர் வீட்டில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பம்பிலும் பிராஞ்சிலும் பயிற்சித் திடலிலும் பணியாற்றியவர்கள்