அத்தியட்சர் கால்டுவெல் வரலாற்றுத் தொகுப்பு: நன்றி மடல்

அத்தியட்சர் (பிஷப்) கால்டுவெல்லின் வாழ்க்கை வரலாற்றுத் தொகுப்பு நிறைவடைந்திருக்கிறது. தோள்கொடுத்த அத்தனை பேருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி கால்டுவெல் ஊழியம் செய்த இடையன்குடிக்கு. பழைய பதிவேடுகளை எடுத்துக்கொடுத்த சேகரக் குருவானவருக்கும், கூடவே நின்று பார்த்துக்கொண்ட ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் காலத்து இரும்பு மை தாளை அரிக்கும். பேனா அழுந்திய இடத்தில்தான் முதலில் பொத்தல் விழும். நகல் எந்திரத்தில் கவிழ்த்து அமுக்கினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். அதனால் ஏட்டைப் பாதியளவே விரித்து, இருபுறமும் துணிமடிப்பை அண்டக்கொடுத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே படமெடுத்தார்கள் இளைஞர்கள். அவர்கள் பொறுமைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

லண்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் தேடித்தந்த நண்பர்களுக்கும் நன்றி. 1838 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியபோது கால்டுவெல் லண்டன் மிஷன் என்ற மிஷனெரி சங்கத்துக்காரர், 1841இல்தான் ஆங்கிலத் திருச்சபையின் மிஷனெரி சங்கமான எஸ்.பி.ஜி.யில் சேர்ந்தார். லண்டன் மிஷன் ஆவணங்கள் லண்டனின் சோவாஸ் நூலகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்திலும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் புரட்டினால் மனிதர் பாதிதான் கிடைப்பார்.

சபைகளை மிஷனெரி சங்கவாரியாகப் பிரித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் உதவி மிகப் பெரிது. கால்டுவெல்லைத் திருநெல்வேலித் திருமண்டலத்தின் (அத்தியட்சரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) முதல் அத்தியட்சர் என்று மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. 1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் அவரும் எட்வர்ட் சார்ஜென்டும் ஒன்றாக அபிஷேகம் பெற்றார்கள். இருவருமே சென்னை அத்தியட்சருக்கு உதவி அத்தியட்சர்கள். எஸ்.பி.ஜி. சபைகள் கால்டுவெல்லிடம், மற்றொரு மிஷனெரி சங்கமான சி.எம்.எஸ்.ஸின் சபைகள் சார்ஜென்டிடம். தனித் திருமண்டலம் உருவானது 1896இல்தான்; அதன் முதல் அத்தியட்சர் சாமுவேல் மோர்லி.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த 1856ஓடு கால்டுவெல்லின் கதையை நிறுத்திவிடுவது நியாயமில்லை. அத்தியட்சரான அதே ஆண்டு பெரும்பஞ்சம். 1880இல், 33 ஆண்டுகளாகக் கட்டிய இடையன்குடித் திரித்துவ ஆலயத்தின் பிரதிஷ்டை. அடுத்த ஆண்டே அவர் எழுதிய திருநெல்வேலிச் சரித்திர நூல்.

கால்டுவெல்லின் மனைவி எலைசா அம்மையார் கற்பித்த லேஸ் பின்னலைச் செய்துகாட்டிய அம்மாமாரையும் மறக்க முடியாது. திண்டின்மேல் மாதிரித்தாள் வைத்து, குண்டூசி நட்டு, நூல்கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போடுகிறார்கள். ஊசியை முந்திப் பிடுங்கினால் பின்னல் தொய்ந்து பூ உருக்குலைந்துவிடும்.

கால்டுவெல் காலமான இடம் கொடைக்கானல் (1891 ஆகஸ்ட் 28), அடக்கமானதுதான் இடையன்குடி ஆலயம் என்று பிழைதிருத்தியவருக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள்: வீட்டில் பழைய ஞானஸ்நானச் சீட்டு இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. அமிலமில்லாத் தாளில் மடிக்காமல் வைத்திருங்கள்.