ஸ்கைலைட் ஒழுகுகிறது: ஆறாவது முறையாகப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன வருஷம் ஆனியில் எங்கள் திருவல்லிக்கேணி வீட்டு நடு அறைக்கு வெளிச்சம் வர, கூரையில் உங்கள் நாலடிக்கு நாலடி ஸ்கைலைட்டைப் போட்டோம். பில், பழைய புகார் எண்கள் எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஐந்து தடவை போனில் சொல்லி வாய் வலித்துவிட்டது.

இரண்டு பக்கமும் பொதுச்சுவர். பட்டப்பகலிலும் நடு அறையில் ட்யூப்லைட் எரியும். கண்புரை ஆபரேஷன் ஆன என் மாமியார் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கட்டும் என்றுதான் 64,000 ரூபாய் கொடுத்து, தளத்தையே வெட்ட விட்டோம். ஐப்பசி மழையில் அவர் கட்டில்மேல் ஒழுகியது. இப்போது அதன் பாலிகார்பனேட் (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்) ஷீட்டும் மஞ்சள் பூத்துவிட்டது. வீடே பாழாய்ப் போய்விட்டது.

இதைச் சொன்னதற்கு உங்கள் சர்வீஸ் ஆள் கேட்டார்: "வானத்தைப் பாத்து ஓட்டை போட்டா தண்ணி வராம என்னம்மா வரும்?" அந்த ஓட்டையைப் போட்டது யார்? நாங்களா? அறுபது வயதுப் பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது?

"பில்லோட அம்பத்தூர் குடோனுக்கு வாங்க" என்றார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போனேன். "சார் சைட்டுக்குப் போயிட்டாரு" என்று வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடத் தரவில்லை.

தெரிந்த ஃபேப்ரிகேட்டர் ஒருவர் போன வாரம் கழற்றிப் பார்த்தார். புற ஊதாக் கதிரைத் தாங்கும் பூச்சுப் பக்கம் கீழே பார்த்து இருக்கிறது. ஃபிரேமுக்கு அடியில் உரிக்காமல் விட்ட ஃபிலிமிலேயே 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருக்கிறது! பாலிகார்பனேட் வெயிலில் விரியும், அதற்காக ஸ்க்ரூ ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததா? இறுக்கி முடுக்கியதில் ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் விரிசல். ஓட்டையைச் சுற்றிக் கட்டிய திட்டும் இரண்டே அங்குல உயரம். மொட்டை மாடியில் தேங்கும் தண்ணீர் நேராக உள்ளே இறங்குகிறது.

ஆவணி வந்துவிட்டது, அடுத்த மழைக்கு இரண்டு மாதம்தான். தயவுசெய்து 15 நாளுக்குள் புது ஷீட் போட்டு, திட்டை உயர்த்திக் கொடுங்கள். இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுவேன், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். 5 லட்சத்துக்குள் உள்ள பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது என்று விசாரித்துவிட்டேன். அந்த அளவுக்குப் போக எனக்கும் விருப்பமில்லை, சார்.

ஆள் அனுப்பும்போது போனில் அப்படிப் பேசிய அந்த சர்வீஸ் ஆளை மட்டும் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் திருவல்லிக்கேணி வாடிக்கையாளர்