பிரேக் விசையைத் திரும்பக் கொடுங்கள்

லேப்டாப் கீபோர்டு வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். எக்செல்லிலும் ஆக்சஸிலும் வேலைகளைத் தானாக ஓடவைக்கும் வி.பி.ஏ என்ற நிரல்மொழியில் எழுதிப் பிழைக்கிறவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பாஸ்/பிரேக் (Pause/Break) விசையையும் எஃப் வரிசை விசைகளையும் எங்களிடமிருந்து பிடுங்காதீர்கள்.

வி.பி.ஏ எழுதும் எங்கள் எடிட்டர் பழையது. ஆஃபீஸ் 97-இல் தனி ஜன்னலாக வந்தது, அதன் முகம் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அதற்காக யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வரிகளை ஒழுங்காகத் தள்ளி அடுக்க ஸ்மார்ட் இன்டென்டர் வந்தது, தேடவும் பிழை வந்தால் சமாளிக்கும் எரர் ஹேண்ட்லர் சேர்க்கவும் எம்இசட்-டூல்ஸ் வந்தது, அப்புறம் ரப்பர்டக் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆட்-இன் (எடிட்டரோடு ஒட்டிக்கொள்ளும் துணை மென்பொருள்) வந்து, எழுதியதைப் பகுதி பகுதியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் வரைக்கும் அந்தப் பழைய ஜன்னலுக்குள் கொண்டுவந்துவிட்டது. அந்த எடிட்டரில் தமிழை நேராக அடித்தால் கேள்விக்குறிகள்தான் நிற்கும். அதற்கும் வழி உண்டு, 'அ' வேண்டுமென்றால் 2949 என்று அதன் யூனிகோடு எண்ணைக் கொடுக்கிறோம், 'தமிழ்' என்று காட்ட ஐந்து எண்கள். மென்பொருளில் ஒரு குறை இருந்தால் எங்காவது ஒருவர் ராத்திரி கண்விழித்து அதற்கு ஆட்-இன் எழுதிவிடுகிறார். பலகையிலேயே இல்லாத விசைக்கு என்ன செய்வது? வேறு விசையை பிரேக்காக மாற்றிவைக்கலாம்தான், ஆனால் வாடிக்கையாளரின் அலுவலகக் கணினியில் அப்படி ஒரு மென்பொருளை நிறுவ யார் அனுமதிப்பார்கள்?

பிரேக் எதற்கு என்று கேட்பீர்கள். மேக்ரோ, அதாவது நாங்கள் எழுதிய நிரல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்பில் மாட்டிக்கொண்டு ஓடும்போது கன்ட்ரோலையும் பிரேக்கையும் சேர்த்து அழுத்தினால் நிற்கும். எஸ்கேப்பும் எக்செல்லில் பல நேரம் நிறுத்தும், சரி. ஆனால் லூப்புக்குள் ஒரு மெசேஜ் பாக்ஸ் இருந்தால் எஸ்கேப் அந்தப் பெட்டியை மட்டும் மூடும், அடுத்த சுற்றில் அது மறுபடி வந்து நிற்கும். பிரேக் இல்லாதவருக்கு டாஸ்க் மேனேஜரில் எக்செல்லையே கொல்வதுதான் மிச்சம். சேமிக்காத நிரலும் அதோடு போகும்.

எஃப்8 அழுத்தி அழுத்தி வரிவரியாக நிரலுக்குள் நடப்போம், எஃப்9-இல் நிறுத்துமிடம் வைப்போம், எஃப்5-இல் ஓட விடுவோம். இப்போது அதே விசையை அழுத்தினால் சத்தம் கூடுகிறது, திரை மங்குகிறது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசி கீபோர்டில் பத்து எஃப் விசைகளும் இடப்பக்கம் இரண்டு வரிசையாக, இடது கைக்கு எட்டும்படி இருந்தன. பிறகு வந்த 101 விசைப் பலகையில் அவை பன்னிரண்டாகி மேலே போனாலும் நாலு நாலாகப் பிரித்து நடுவில் இடைவெளி விட்டிருந்தார்கள், அதனால் பார்க்காமலே எஃப்8 எது என்று விரலுக்குத் தெரியும். நம் ஊர் கம்ப்யூட்டர் சென்டரில் பழகியவர்களுக்கு டி.வி.எஸ் கோல்டு கீபோர்டு மறக்காது. செர்ரி புளூ சுவிட்ச், அழுத்தின ஒவ்வொரு எழுத்துக்கும் டக்கென்று பதில், வலது மூலையில் மேலே பாஸ்/பிரேக் அதன் இடத்தில். அந்தச் சத்தத்துக்காக ஏங்குகிறேன் என்பது உண்மைதான், ஆனால் சத்தத்தை நான் கேட்கவில்லை, லேப்டாப்பில் அதற்கு இடமில்லை என்று புரிகிறது. இடைவெளிக்குமா இடமில்லை?

பிரேக்குக்கு இடமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 2024-இல் மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரைத் திறக்கும் கோபைலட் விசைக்கு இடம் கிடைத்தது, அதற்காகப் பல மாடல்களில் வலது கன்ட்ரோலோ மெனு விசையோ போனது.

எஃப் விசைகளை நாலு நாலாகப் பிரித்து வையுங்கள். அவை முதலில் எஃப் விசைகளாகவே வேலை செய்யட்டும், ஒலியும் வெளிச்சமும் எஃப்என் அழுத்தினால் வரட்டும். பிரேக்குக்குத் தனி விசை தர முடியாவிட்டால், எல்லா நிறுவனமும் சேர்ந்து அதற்கு ஒரே கூட்டுவிசையை முடிவுசெய்து அந்த விசையின் மேலேயே அச்சடித்துவிடுங்கள். இப்போது மாடலுக்கு ஒன்றாக இருப்பதைத் தேடி எடுப்பதற்குள் லூப் பாதி ஷீட்டை அழித்துவிடுகிறது.

இப்படிக்கு,
வி.பி.ஏ எழுதும் ஒருவர்