மனு கொடுத்தால் காலவரம்பு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக்கல்லைப் பிடுங்கிவிட்டு நம் பக்கம் வேலி போட்டால், ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுவதும், காவல் நிலையத்திலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனு கொடுப்பதுமே போதும் என்று பலரும் நம்புகிறார்கள். என் தந்தையாரும் அப்படித்தான் ஒன்பது ஆண்டுகள் மனு ரசீதுகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 65ஆவது இனத்தின்படி, நில உரிமையாளர் சுவாதீனத்தை, அதாவது நிலத்தின் கைவசத்தை, மீட்க வழக்குத் தொடுக்க, எதிராளி நிலத்தை அனுபவிப்பது தமக்கு எதிரிடையாக, அதாவது தம் உரிமையை மறுப்பதாக, மாறிய நாளிலிருந்து 12 ஆண்டுகளே அவகாசம் உண்டு. அது கடந்துவிட்டால் 27ஆம் பிரிவின்படி உரிமையே அற்றுப்போகும். அதிகாரிகளிடம் கொடுத்த மனுக்கள் இந்தக் கணக்கை ஒரு நாள்கூட நிறுத்துவதில்லை. நீண்ட கால அனுபவம் மட்டுமே எதிராளிக்குப் போதாது, அது வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் உரிமையாளருக்கு விரோதமாகவும் இருந்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும், இப்படி நீண்ட காலம் அனுபவித்ததால் வரும் உரிமையான எதிரிடை அனுபவ பாத்தியத்தைக் கோரி அவரே வாதியாக வழக்குத் தொடுக்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், தாமதிப்பது முன்னைவிட ஆபத்தானது.

எந்தப் பரிகாரம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நிலம் எதிராளியின் சுவாதீனத்தில் போய்ப் பல ஆண்டுகள் கழித்து நாங்கள் தொடுத்த முதல் வழக்கில் நிரந்தர உறுத்துக்கட்டளை (எதிராளி நிலத்தில் தலையிடக் கூடாது என்ற நீதிமன்றத் தடையுத்தரவு) மட்டுமே கேட்டிருந்தோம். சுவாதீனமே இல்லாதவருக்கு அது கிடைக்காது என்று வழக்குத் தள்ளுபடியானது. நிலம் எங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் உரிமை விளம்புகையும் சுவாதீன மீட்பும் கேட்டு இரண்டாவது வழக்கைத் தாக்கல் செய்தபோது, 12 ஆண்டுகள் முடியச் சில மாதங்களே இருந்தன. பட்டாவை மட்டும் காட்டினால் போதாது என்று அப்போதுதான் அறிந்து, மூலப் பத்திரங்களைத் தேடி அலைந்தோம். நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நில அளவருடன் வந்து, நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடமான புலப்படத்தை வைத்து அளந்த பிறகே ஆக்கிரமிப்பின் பரப்பு தெளிவானது. நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்ட ஆறு மாதங்களுக்குள் வந்திருந்தால், குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் 6ஆம் பிரிவின் கீழ், உரிமையை நிரூபிக்காமலேயே சுவாதீனத்தை மீட்டிருக்கலாம் என்று வழக்கறிஞர் சொன்னபோது என் தந்தையார் பேசாமல் அமர்ந்திருந்தார்.

"இது உரிமையியல் பிரச்சினை, நீதிமன்றத்தை அணுகவும்" என்று எழுதி மனுவை முடித்து வைக்கும் அலுவலகங்கள், அதே தாளில் இந்த ஆறு மாத, 12 ஆண்டுக் காலவரம்புகளையும், தகுதியுள்ளோருக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும் வட்டச் சட்டப் பணிகள் குழுவின் முகவரியையும் அச்சிட்டுத் தர வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்