கோபமா, உளைச்சலா?

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மூட்டுக்குத் தைலம் தேய்ப்பதாக எழுதியிருக்கிறாய். தேய், ஆனால் டாக்டரையும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிடு. இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்திருக்கிறது, வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

உன் வாஷிங் மெஷின் வழக்கைப் படித்துச் சிரித்துவிட்டேன். மனுவில் 'மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகி' என்று வக்கீல் எழுதிவிட்டார், எனக்கு வந்தது வெறும் கோபம், உளைச்சலும் இல்லை கிளைச்சலும் இல்லை, எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்கிறாய். கோர்ட் வாசலில் மனு எழுதிப் பிழைத்தவன் என்று என்னிடம் நியாயம் வேறு கேட்கிறாய்.

வக்கீல் சரியாகத்தான் செய்திருக்கிறார். நுகர்வோர் ஆணையத் தீர்ப்புகளில் பொருளின் விலை தனி, மன உளைச்சலுக்குத் தனி, வழக்குச் செலவு தனி. இழப்பீடு என்பது காசு நஷ்டத்தோடு நிற்காது, மனசு பட்ட பாட்டுக்கும் சேரும் என்று 1993-லேயே லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போய் 2019 சட்டம் வந்த பிறகும் அதே நடைமுறைதான்.

அப்புறம் அந்த 'உளைச்சல்' என்ற சொல். நம் வீடுகளில் அது உடம்புக்குத்தான் அதிகம் புழங்கியது. நடவுக்குப் போய் வந்த ராத்திரிகளில் அம்மா 'காலு உளையுது' என்பாள். எந்த இடம் என்றால் காட்டத் தெரியாது. நீட்டினாலும் ஆகாது, மடக்கினாலும் ஆகாது. கெண்டைக்காலில் பழந்துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு புரண்டுகொண்டே இருப்பாள். வயலில் நிற்கும்போது ஒன்றும் தெரியாது, படுத்த பிறகுதான் ஆரம்பிக்கும். சீதபேதியை வயிற்றுளைச்சல் என்பதும் இந்தக் கணக்கில்தான்: போய்விட்டு வந்தாலும் தீராமல் மறுபடி முறுக்கும்.

ஆபீசில் வேலை கூடினால் பிள்ளைகள் மன உளைச்சல் என்கிறார்கள். அது அழுத்தம், பாரம் இறங்கினால் போய்விடும். உளைச்சல் பாரம் இறங்கிய பிறகு வருவது.

உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் பார். நடுராத்திரி விழித்துக்கொண்டு, கடைக்காரனிடம் என்னென்ன கேட்டிருக்கலாம் என்று மனசுக்குள்ளேயே பேசிப் பார்த்ததாக நீயே எழுதியிருக்கிறாய். கடையில் போய்க் கத்தினாயே, அது கோபம், அங்கேயே தீர்ந்தது. இதற்கு என்னப்பா பேர் வைப்பாய்? தைரியமாகக் கையெழுத்துப் போடு.

எனக்கு உறுத்துவது வேறு. மனு எழுத வருகிறவர்கள் யாரும் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. 'மனசு கெடந்து அடிச்சுக்கிடுது' என்பாள் ஒருத்தி. 'ஒரு வேலை ஓட மாட்டேங்குது' என்பார் இன்னொருவர். காகிதத்தில் ஏறும்போது எல்லாம் மன உளைச்சல் ஆகிவிடுகிறது. போலீஸ் புகாரில் அதுவே, ராஜினாமாக் கடிதத்தில் அதுவே. நல்ல சொல்லைத் தேய்த்துவிட்டோம்.

வாய்தா தேதி தெரிந்ததும் எழுது. ரசீது, வாரண்டி அட்டை, நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டை மூன்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள். மதினியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முத்தையா