நத்தைக்கல்லின் வம்சாவளி

அன்புள்ள மாப்பிள்ளை,

மஞ்சள் வெட்டு முடிந்தது, அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போயிருந்தேன், அங்கே ஒரு வீட்டு ஜன்னல் திண்டில் தட்டு அகலத்துக்கு ஓர் அம்மோனைட் கல், எப்போதோ அழிந்துபோன ஒரு கடல் உயிரின் சுருள் ஓடு கல்லாகிப் போனது. கையில் வாங்கியவன் பந்திக்குக்கூட எழுந்து போகவில்லை. நம் பக்கம் எவ்வளவு தோண்டினாலும் கருங்கல்தான், விலங்குகள் தோன்றும் முன்பே உருவான பாறை, அதில் இதெல்லாம் கிடைக்காது.

பார்க்க நத்தை மாதிரி இருந்தாலும் இது கணவாய், ஆக்டோபஸ் வகையறா. ஓட்டின் உள்ளே அறை அறையாகச் சுவர். அந்தச் சுவர் ஓட்டைத் தொடும் இடம்தான் தையல் கோடு, மேல் ஓடு தேய்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். நம் ஊரில் புதிதாக வந்தவரிடம் எந்தக் கூட்டம், எந்தக் குலதெய்வம் என்று கேட்டு உறவு பிடிப்பார்களே, அப்படி இந்தக் கோட்டை வைத்துத்தான் இனம் பிடிக்கிறார்கள். கோடு வெறும் வளைவும் கோணமுமாகப் போனால் கோனியடைட், பள்ளங்களில் மட்டும் பல் இருந்தால் செரடைட், மேடு பள்ளம் எல்லாமே இலை விளிம்பு போல நுணுக்கமாக வெட்டுப்பட்டிருந்தால் அம்மோனைட்.

ஆனால் அது மட்டும் போதாது. கிரெட்டேசியஸ் காலத்தில், அதாவது டைனோசர்களின் கடைசிக் காலத்தில், சில அம்மோனைட்டுகளின் கோடு மறுபடியும் எளிமையாகி, செரடைட் போலவே ஆகிவிட்டது. அதனால் கல்லை உடைத்து உட்சுற்றுகளைப் பார்க்க வேண்டும். குஞ்சுப் பருவத்து ஓடு நடுவிலேயே இருக்கிறதல்லவா, அங்கிருந்து கோடு எப்படி வளர்ந்தது என்று தொடர்ந்தால்தான் உண்மையான வம்சம் பிடிபடும். ஒரு உயிர் தன் பிள்ளைப்பருவத்தை வாழ்நாள் முழுதும் உள்ளேயே சுமந்திருக்கிறது மாப்பிள்ளை, அதை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

இந்த அரியலூர்ப் பக்கத்துக் கல்லையெல்லாம் 1860களில் ஸ்டோலிச்கா என்ற புவியியலாளர் படம் போட்டு விவரித்திருக்கிறார். சுருண்ட ஓடு என்றால் அப்போது ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் அம்மோனைட்டீஸ் என்ற ஒரே பேரினப் பெயர்தான், பிற்பாடுதான் அது எத்தனையோ பேரினங்களாகப் பிரிந்தது. இன்னொரு கூத்தும் உண்டு: பெரிய ஓடும் சிறிய ஓடும் ஒரே இனத்தின் பெண்ணும் ஆணுமாக இருக்க, ரொம்ப காலம் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். 1960களில்தான் அது அழுத்தமாகப் பேசப்பட்டது.

அப்புறம், உன் பாட்டி பூசையறையில் கறுப்பாக ஒரு சாளக்கிராமம் இருக்குமே, நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருவது, அதுவும் பெரும்பாலும் அம்மோனைட்தான். தை நோன்புக்கு வரும்போது அதை ஒருமுறை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க விடுவாயா? உடைக்கமாட்டேன், சத்தியம். வெளியே கோடு ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை